குண்டூசிக்கு மேலே

அறிவியல் வகுப்பில் ஓர் உருளைக்கிழங்கைக் கிண்ணம்போல் குடைந்து, கெட்டியான சர்க்கரைப்பாகை ஊற்றினார்கள். பாகின் மட்டத்துக்கு அடையாளமாகக் குண்டூசியைக் குத்தி, கிழங்கைத் தண்ணீர் ஊற்றிய தட்டுக்குள், அதன் விளிம்பை ஒட்டி வைத்தார்கள். ருசி பார்த்த எறும்பு ஒன்று, "அடடா! எங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன்" என்று ஓடியது.

கிழங்கின் சுவர் வழியே தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போனது. பாகு ஏறியது.

"என்னடி குண்டூசி, ஆணியடிச்ச மாதிரி அங்கேயே நிக்கிறே? என்னைப் பாரு, எப்படி வளர்ந்துட்டேன்!"

குண்டூசிக்குச் சிரிப்பு வந்தது. "உள்ளே வந்தது தண்ணிடி."

"பொறாமை!" என்று பாகு விளிம்புவரை ததும்பியது.

எறும்பு கூட்டத்தோடு வந்தது. பாகை நக்கிப் பார்த்தது. மீசையைத் துடைத்துக்கொண்டு குண்டூசியிடம் கேட்டது:

"அக்கா, காலையில இங்கே ஒரு பாகு இருந்துச்சே, எங்கே போயிடுச்சு?"