ஒத்திகையில் கேட்ட கேள்விகள்

தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலேறப் போன சீனியர் சவுரிமுத்துவை ஆராய்ச்சி மாணவி ஜஹீரா மறித்தாள்.

"நீங்கல்லாம் ஒரு அண்ணனா? பிஎச்.டி. வைவா ஒத்திகைக்குத் துணையா கூப்பிட்டா, எல்லார் முன்னாடியும் கேள்வி மேல கேள்வி கேட்டு மானத்தை வாங்கிட்டீங்களே! போன மாசம் டாக்டர் ஆயிட்ட திமிரு!"

சவுரிமுத்து பையிலிருந்து தனக்கு வந்த பல்கலைக்கழகக் கடிதத்தை எடுத்து நீட்டினார். 'ஆய்வேட்டைத் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

அவள் திகைத்தாள்.

"வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சும்மா. நம்ம ரெண்டு பேர் ஆராய்ச்சியும் ஏரித் தண்ணியப் பத்திதான். உனக்கும் அதே எக்ஸாமினர்தான் வர்றார். இன்னைக்கு உன்கிட்ட கேட்டதெல்லாம், அவர் முன்னாடி நான் பதில் தெரியாம நின்ன கேள்விங்க. என்கிட்ட அதையெல்லாம் முன்னாடியே கேட்டுப் பழக்க ஆளில்லை."

"இதை மறைச்சுட்டுத் தனியா அழுதீங்களா?" இன்னும் கோபம் தணியாமல் அவர் பையைப் பிடுங்கிக்கொண்டாள். "திரும்புங்க லைப்ரரிக்கு! ரெண்டு பேருமா சேர்ந்து பதில் தேடுவோம்."