ஏழாவது மாடியா, ஓட்டை வாளியா?

"ஒண்ணுமே இல்லக்கா! வெறும் கொழுப்புக் கட்டியாம்."

தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு சிரித்தபடியே உள்ளே வந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்திருந்த அக்காவுக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. காலையிலிருந்து அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"சத்தியமா?"

"சத்தியமா. நாளைக்கே வீட்டுக்குப் போலாம்னுட்டாரு டாக்டர்."

"முகமெல்லாம் ஏன்டா ஈரமா இருக்கு?"

"வெளியில என்னா வெயிலு! கழுவிட்டு வர்றேன்."

அவள் தலையாட்டினாள். ஆனால் படபடப்பு நின்றபாடில்லை. வேன் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்படுகிறவள் அவள். கழுத்தில் அந்தக் கட்டி கையில் தட்டுப்பட்ட நாளிலிருந்து வேன் சாவியைத் தொடவே இல்லை.

பயத்தை விரட்ட அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். தம்பியை வம்புக்கு இழுப்பது.

ராக் பேண்டுகளில் ஒரு ரகம் உண்டு. மேடையேறிப் பாட்டைத் தொடங்குவார்கள். அது எந்தப் பக்கம் போகும், எப்போது முடியும் என்பது வாசிப்பவர்களுக்கே தெரியாது. அப்படிப்பட்ட பேண்டுகளில் அக்கா 'ஏழாவது மாடி' கட்சி, தம்பி 'ஓட்டை வாளி' கட்சி.

ஸ்பீக்கர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி, வாளிக்காரர்கள் எந்த ஊருக்குப் போனாலும் கடையை இழுத்து மூடிவிட்டுப் பின்னாலேயே போவான். காதலித்த பெண் ஒரு நாள் "எனக்கு மாடிதான் பிடிக்கும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அந்தக் காதல் அன்றைக்கே முடிந்தது.

"மைதானத்துல கரண்ட் போச்சே, ஞாபகம் இருக்காடா? உங்க வாளிக்காரங்க கிட்டாரைக் கீழ வச்சுட்டு டீ குடிக்கக் கிளம்பிட்டாங்க. எங்க ஆளுங்களா இருந்தா இருட்டுலயே வாசிச்சிருப்பாங்க."

"யாரும் டீ குடிக்கப் போகலக்கா. டிரம்ஸ்காரரு மட்டும் நிறுத்தாம வாசிச்சுக்கிட்டே இருந்தாரு. கரண்ட் வந்ததும் கிட்டாரு அதே தாளத்துல வந்து சேர்ந்துச்சு."

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த வயதான அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "என்னப்பா சண்டை? எலெக்‌ஷன் வருதா?"

"அதெல்லாம் இல்லம்மா, பேண்டுச் சண்டை. இவன் பால் குடி மறந்த நாளிலேருந்து நடக்குது" என்றாள் அக்கா. கட்டியைப் பற்றி நினைக்கக் கூடாது என்று பேச்சை இன்னும் வேகமாக ஓட்டினாள்.

"எங்க மாடி ஒரு மணி நேரம் ஒரே பாட்டை வாசிச்சாலும், எடுத்த இடத்துக்கே அழகா வந்து சேரும். உங்க வாளி வழி தெரியாம நடுரோட்டுல திருதிருன்னு முழிக்கும்."

இதே வார்த்தையைச் சொன்னதற்காகப் போன வருஷம் அவன் ஒரு வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. இன்று குனிந்த தலை நிமிராமல் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தான். தோலோடு சேர்ந்து சுளையும் பிய்ந்து வந்தது.

"என்னடா, வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கா?"

"என்னக்கா சொல்ல?"

"வழி தெரியாமப் போறதுதான் இசைன்னு ஒரு மணி நேரம் லெக்சர் அடிப்பியே."

"அடிப்பேன்."

"அடி பார்ப்போம்."

அவன் ஒரு சுளையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போனது.

"ஒத்துக்கறேன்க்கா. மாடிதான் பெரிய பேண்டு. எங்க ஆளுங்க அவங்க கால் தூசுக்குப் பெற மாட்டாங்க."

பக்கத்துக் கட்டில் அம்மா கையைத் தட்டினாள். "அப்பாடா! ஜெயிச்சுட்டியேம்மா! இத்தனை வருஷத்துச் சண்டை, ஆஸ்பத்திரியில வந்து முடியணும்னு இருக்கு பாரு!"

அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுளை கையிலிருந்து நழுவிப் போர்வையில் விழுந்தது.

"டாக்டர் எத்தனை மாசம்டா சொன்னாரு?"