முன்சக்கரத்து எலுமிச்சை

பார்சல் கம்பெனி டீசல் வேன்களைத் தலைமுழுகிவிட்டு மின்சார வேன்களை இறக்கியிருந்தது. முதல் வேனுக்குப் பூஜை. ஓட்டுநர் இருக்கையில் சொரிமுத்து. போன வருடம் இதே ஷெட்டில், ரிவர்ஸ் வந்த டீசல் வேன் அவன் தம்பியை நசுக்கியபோது முதலாளி ஒரு மாலைகூடப் போடவில்லை. "அம்புட்டு சத்தம் கேட்டும் விலகலன்னா யார் தப்பு?" என்று கேட்டதோடு சரி. இன்று வேனுக்கு ரோஜாமாலை.

முன்சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் உருண்டு உள்ளே போயிற்று. எடுக்க முதலாளியே மண்டியிட்டார்.

"வண்டி ஆஃப்லதான இருக்கு?"

வண்டி ஆனில் இருந்தது. சொரிமுத்து பிரேக்கை மிதித்திருந்ததால்தான் நகராமல் நின்றது.

"சத்தம் ஏதும் கேக்குதா, மொதலாளி?"

முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "ஒண்ணும் கேக்கலியே" என்று சிரித்தபடி சக்கரத்துக்கு முன்னால் தலையை நீட்டினார்.

"அப்ப சரி, மொதலாளி."