பிஞ்ச தோசையோட அம்மா

ஏய், எல்லாரும் உக்காருங்க. வாயை மூடுங்க. யாரது அங்க இன்னும் குசுகுசுன்னு? உனக்கும் சேத்துத்தான் சொல்றேன், உக்காரு.

ஒரு அடுப்பு மேல ஒரு தோசைக்கல்லு இருந்தா. அன்னிக்குக் காலைல அவளுக்குத் தலைச்சன் தோசை பொறந்தான். கல்லை ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுட்டான். சொரண்டி எடுத்ததுல மூணா பிஞ்சு தட்டுல போய் விழுந்தான்.

"ஐயோ, என் புள்ளைய நானே பிச்சுட்டேனே! பக்கத்து வீட்டுக் கல்லு பெத்ததெல்லாம் நிலா மாதிரி இருக்கே! நானெல்லாம் ஒரு அம்மாவா?"ன்னு கொதிச்சா கல்லு. கொதிச்ச கொதிப்புல புகையே வந்துருச்சு.

மாவுக் கரண்டிக்கு வாய் சும்மா இருக்குமா? மூக்கை உறிஞ்சி, அவளை மாதிரியே "நானெல்லாம் ஒரு அம்மாவாஆஆ"ன்னு இழுத்துக் காட்டினான். "இந்தா, ரெண்டாவது வருது, புடி!"

"வேணாம்ணே, இவனையும் கெடுத்துருவேன்!"

கரண்டி கேக்கல. அவ மேல தண்ணி தெளிச்சு, மாவை ஊத்தி, வட்டமா இழுத்துட்டான். ரெண்டாவது நல்லாத்தான் வந்தான். ஓரமெல்லாம் முறுமுறுன்னு எழும்பினான். கல்லு எங்க பாத்தா? அவ கண்ணு பூரா தட்டுல கெடந்த மூத்தவன் மேல. "உன்னை இப்படி ஆக்கிட்டேனேடா!"

பிஞ்ச தோசை வாயைத் தொறந்தான்.

"யம்மா, முழுசா வந்திருந்தாலும் என்னைப் பிச்சுத்தானே திங்கப் போறாங்க? அவங்களுக்கு அந்த வேலை மிச்சம். நீ மொதல்ல தம்பியப் பாரு, கருகுறான்!"