மடிப்புக் கலைந்த அங்கி

பூங்கோதையின் வக்கீல் அங்கிக்குத் தன் இஸ்திரி மடிப்பில் அலாதிப் பெருமை. சீனியருக்காக எழுந்து நின்று வாய்தா கேட்பது ஒன்றே அவள் வேலை. அதற்கு எதற்குக் கசங்க வேண்டும்?

அன்று நீதிபதி மறுத்துவிட்டார். "வாய்தா கிடையாது. நீங்களே வாதாடுங்கள், இல்லையேல் மனு தள்ளுபடி."

குடும்பத்திலேயே முதல் வக்கீலான அவள் அங்கியின் ஓரத்தை இறுகப் பற்றினாள்.

"அடடா, துரையின் மடிப்புக் கலைகிறதே!" என்று சீண்டியது கழுத்துப்பட்டை.

"பேசாமல் இரு. பிடித்துக்கொள்ள இவளுக்கு இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?" என்றது அங்கி.

தடுமாறித் தொடங்கிய குரல் பேசப் பேசத் தெளிந்தது. மனு பிழைத்தது.

மறுநாள் இஸ்திரிப்பெட்டி நெருங்கியபோது அங்கி கெஞ்சியது: "அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிடேன்."