கிணற்றடிக் காட்சி

அண்ணன் கத்தரியை எடுத்து அந்தக் கிணற்றைப் படத்திலிருந்து வெட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வெள்ளகோவில் தியேட்டரில் எங்கள் ராசப்பண்ணன்தான் ஆபரேட்டர். மறுநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று காலைக்காட்சி. குழந்தைகள் பார்க்கவேண்டிய நல்ல படமாம், வரிவிலக்கு வேறு. நல்லா இருக்குது கூத்து. அம்மாக்காரியைக் கிணற்றில் விழவைக்காமல் இவர்களுக்கு ஒரு நல்ல படம் எடுக்கத் தெரியாதா?

நான் மேட்னியிலேயே பார்த்துவிட்டேன். குடத்தோடு போகிறவள் படியில் வழுக்கி விழுவாள். சுற்றிலும் ஈ காக்கை இருக்காது. தனியாகத் தத்தளித்து முழுகிப்போவாள்.

மயிலாத்தா அண்ணி போனதும் தோட்டத்துக் கிணற்றில்தான். அண்ணன் தியேட்டருக்குக் கிளம்பிப் போயிருந்தார். சேதி சொல்ல ஆள் அனுப்பினோம். அவர்கள் மகள் பொற்கொடி வீட்டுக்குள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் அவளை வளர்த்தேன். ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பிஞ்சுக்கு அது போதும். இந்தப் படத்தைப் பார்த்து ஏதாவது கேட்டுவைத்தால் நான் என்ன சொல்வேன்?

அதற்குத்தான் அண்ணனிடம் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவரே கத்தரியை எடுத்துவிட்டார். மகள்மேல் அத்தனை உசுரு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்டிய துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிலிமின் இரண்டு முனையையும் ஒட்டினார்.

காலையில் பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

திரையில் அம்மா குடத்தை எடுத்தாள். படம் ஒரு குதி குதித்தது. அடுத்து பையன் கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடினான். கிணறு வரவே இல்லை. தியேட்டர் முழுக்கப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

பொற்கொடி சிரிக்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கை ஈரமாக இருந்தது.

படம் விட்டதும் என்னை உதறிவிட்டு ஆபரேட்டர் ரூமுக்குப் படியேறி ஓடினாள். நான் மூச்சிரைக்கப் பின்னால் போனேன். அண்ணன் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கப்பா, அந்தம்மா கெணத்துக்குள்ள இருந்து அண்ணாந்து அண்ணாந்து பாத்தாங்களே, மேல நின்னவரு ஏன் கையே குடுக்கலீங்க?"

திரையில் கிணறே இல்லை. வெட்டிய துண்டில் கிணறு உண்டு, ஆனால் மேலே நிற்க ஆள் கிடையாது. கனவு கண்டாயா என்று அண்ணன் ஒரு அதட்டுப் போடுவார் என்று அவரைப் பார்த்தேன்.

அவர் கை ரீலிலேயே நின்றுவிட்டது.

எந்தக் கிணறு என்று அவர் கேட்கவில்லை. எந்த ஆள் என்றும் கேட்கவில்லை. ரீலைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைக்கு முன்னால் மெதுவாகக் குனிந்தார்.

"மொகம் தெரிஞ்சுதா, கண்ணு?"