இரவல் கால்

ஏரிக்கரையில் இறங்கியதுமே சகாயமேரிக்கு வலது மூட்டு குத்தியது. அவள் உடம்பில் மாட்டிய கருவி வழியே, அவள் பார்ப்பதைப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே பார்ப்பார்கள், அவள் நடப்பதைத் தங்கள் கால்களில் உணர்வார்கள், அதற்குத்தான் சம்பளம்.

“டீச்சர், வலிக்குது!” கருவியில் ஒரு பிள்ளை கத்தியது.

“வலியை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க பசங்களா. அங்க பாருங்க, தண்ணியில நெத்தி வெளுத்த நாமக்கோழி,” என்றார் கருவியில் வகுப்பெடுத்த டீச்சர்.

எல்லோரும் வலியை நிறுத்தினார்கள். பிறந்ததிலிருந்து நடந்தறியாத நிலோஃபர் மட்டும் நிறுத்தவில்லை. அவளுக்கு இதுதான் முதல் நடை.

“நடந்தா எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்குமாக்கா?” என்று சகாயமேரியைக் கேட்டாள்.

“இல்ல பாப்பா. இது செங்கல் சுமந்து தேஞ்ச மூட்டு. நீயும் ஆஃப் பண்ணிடு.”

“இப்ப பண்ணிப் பாத்தேன்க்கா. மெத்தையில போற மாதிரி இருக்கு. வலிச்சாத்தான் நடக்குறேன்னு தெரியுது.”

வகுப்பு முடிந்து பிள்ளைகள் இணைப்பைத் துண்டித்துப் போய்விட்டார்கள். ஆளில்லாத கரையில் சகாயமேரி மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வலியை இதுவரை யாரும் கேட்டு வாங்கியதில்லை. வலித்தால்தான் நடை என்று நம்பிவிட்ட நிலோஃபருக்கு, வலிக்காத நடை ஒன்றை அவள் இன்னும் தர வேண்டியிருந்தது.